மலையூர் நூலகக் கணினியை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி அமைத்தல்

நீலகிரி மலையில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளியிலோ உள்ள கணினியை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி அமைக்க முற்படுகிறவர்கள், பொதுவான வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் விரைவிலேயே தடுமாறுவார்கள். அவை தடையில்லாத மின்சாரத்தையும் இணையத்தையும் எதிர்பார்ப்பவை. தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் இங்கே இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே, இணையமில்லாமலும் இயங்குவதை அடிப்படையாகவும், மற்றவற்றைக் கூடுதல் வசதியாகவும் கொள்ள வேண்டும்.

மேசைக்கணினியைவிட மடிக்கணினியே இங்கு ஏற்றது. மின்சாரம் நின்றால் பார்வையுள்ளவர் இருண்ட திரையைப் பார்த்து நடந்ததைப் புரிந்துகொள்வார். பார்வையற்றவரோ கணினி உறைந்துவிட்டதா, ஹெட்போன் கழன்றுவிட்டதா, மின்சாரம்தான் போய்விட்டதா என்று தெரியாமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருப்பார். மடிக்கணினியில் மின்கலம் தாங்குவதால், திரையில் உள்ளதை அவருக்குப் படித்துச் சொல்லும் குரல் அறுபடாது. மேசைக்கணினிதான் இருக்கிறதென்றால், மின்தடையின்போது ஒலியெழுப்பும் யூபிஎஸ் ஒன்றை இணைத்து, அந்த ஒலி எதைக் குறிக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலைச்சரிவில் கட்டிய கட்டடங்களில் படிகள் இல்லாதவை குறைவு. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மூன்றடி உயர வாசலுக்கு 36 அடி. அவ்வளவு இடமும் அதற்கான நிதியும் கிடைக்கும்வரை காத்திராமல், சாலை மட்டத்தில் உள்ள ஓர் அறைக்கு மடிக்கணினியை எடுத்துச் சென்று கொடுக்கலாம். நாற்காலியில் இருப்பவரின் முழங்கால்கள் நுழையும்படி மேசைக்கடியில் ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்துக்கு இடம் விடுங்கள்.

அடுத்தது திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமானது. நிறுவிய பின் அதற்கு இணையம் தேவையில்லை. அதன் நிறுவற்கோப்பையும் விண்டோஸின் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பையும், தேவைப்பட்டால் மேட்டுப்பாளையம்வரை மடிக்கணினியைக் கொண்டுபோயாவது, நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கணினியில் உள்நுழையும்போதே என்விடிஏ இயங்குவதற்கான தெரிவை நிறுவும்போது நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் கடவுச்சொல் கேட்கும் திரை ஊமையாக நிற்கும், ஒவ்வொரு முறையும் யாரையாவது அழைக்க வேண்டியிருக்கும். இன்சர்ட் விசை எளிதில் கைக்கு எட்டாத மடிக்கணினியாக இருந்தால், முதல் திரையிலேயே கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக, அதாவது என்விடிஏவின் கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் விசையாக, தெரிவு செய்யுங்கள். உடன் வரும் இஸ்பீக் குரல் தமிழை இயந்திரத்தனமாகப் படிக்கும். விண்டோஸின் ‘வள்ளுவர்’ குரல் காதுக்கு இதமானது என்பதால் புதியவருக்கு அதை வையுங்கள். பழகியவர்களில் பலர் வேகத்துக்காக இஸ்பீக்கையே கேட்பார்கள். குரல் நன்றாக இல்லை என்று நாம் அதை மாற்றக் கூடாது.

தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைப்பேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்வரிசை பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால், விசைகளைப் பார்க்காமல் நினைவில் கொள்வது எளிது. விரலுக்குத் தட்டுப்படும் மேடுள்ள இரு விசைகளில் இடப்புறம் மெய்யெழுத்துக்கான புள்ளியும் வலப்புறம் ‘ப’வும் இருக்கின்றன. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். இடையில் புள்ளி தானாக விழும்.

இவ்வளவும் செய்த பிறகு, ‘தமிழைப் படிக்கவே மாட்டேன் என்கிறது’ என்று ஒரு புகார் வரும். பெரும்பாலும் குற்றம் என்விடிஏவினுடையதன்று, பழைய கோப்பினுடையது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே தமிழ். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகளும் குறிகளும். பாமினியில் அடித்த ‘அம்மா’வை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பாருங்கள்: எம், கே, செமிகோலன், கே, எச் என்று வரும். இத்தகைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்கள் வெறும் படங்கள். அவற்றுக்கு, படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் டெசராக்ட் போன்ற எழுத்துணரி தேவை, அதன் விளைவை ஒருவர் மெய்ப்புப் பார்க்கவும் வேண்டும். உண்மையில் அதிக உழைப்பைக் கேட்பது இந்த வேலைதான். ஆகவே புதிய அறிவிப்புகளையும் பாடக்குறிப்புகளையும் இன்றிலிருந்தே யூனிகோடில் அடிக்கத் தொடங்குங்கள்.

கை நடுங்குபவர்களுக்கும் ஒரு கையால் தட்டுபவர்களுக்கும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் வரும் ஒட்டுவிசை வசதி, இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும் தேவையைப் போக்கும். வலப்புற ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் வரும் வடிகட்டி, தவறிப் பட்ட தொடுதல்களைத் தள்ளிவிடும். ஊட்டியின் சனவரிக் காலையில் யாருக்குமே விரல் விறைக்கும் என்பதால், இவற்றை முன்பகலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் சரிபார்த்து அமைப்பது நல்லது. குரல்வழித் தமிழ்த் தட்டச்சுக்குப் பெரும்பாலும் இணையம் வேண்டும். அதை நம்பி விசைப்பலகைப் பயிற்சியைக் கைவிட வேண்டாம்.

பார்வை குறைந்தவர்களுக்கு விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். மூடுபனி நாளில் ஜன்னல் முழுவதும் வெண்மையாகக் கூசும் என்பதால், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திரையை வையுங்கள். காது கேளாதவர்களுக்கு, எச்சரிக்கை ஒலிக்குப் பதிலாகத் திரை மின்னும்படி அணுகல்தன்மை அமைப்பில் மாற்றினால் போதும்.

இறுதியாக, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, பயன்படுத்தப் போகிறவரையே கணினியைத் தொடங்கச் சொல்லி, ஒரு கடிதம் எழுதிச் சேமிக்கும்வரை குறுக்கிடாமல் உடனிருங்கள். அவர் எங்கெல்லாம் நிற்கிறாரோ அங்கெல்லாம் திருத்தம் தேவை. எல்லாம் சரியானதும் இன்சர்ட் (அல்லது என்விடிஏ விசையாகத் தெரிவு செய்த கேப்ஸ் லாக்), கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏவின் அமைப்புகள் சேமிக்கப்படும். அவருக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். பொதுக் கணினியில் யாராவது ஒலியை அடைத்துவிட்டுப் போவது வழக்கம் என்பதால், ஒலியைக் கூட்டும் விசை எங்கே இருக்கிறது என்பதையும் விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள். நிறுவாமலேயே இயங்கும் என்விடிஏவின் கையடக்கப் பிரதியை ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தால், அவர் வேறு விண்டோஸ் கணினியிலும் தம்முடைய அமைப்புகளோடு வேலை செய்யலாம். உள்நுழைவுத் திரையில் மட்டும் அந்தப் பிரதி பேசாது.