பெங்களூரில் ஹாஸ்பிஸ் பராமரிப்பை நாடும் குடும்பங்களுக்கு

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையால் இனிப் பயனில்லை என்று புற்றுநோய் மருத்துவர் சொல்லும் நாளிலேயே, ஹாஸ்பிஸ் பராமரிப்புக்கு, அதாவது குணமாக்க முடியாத நிலையில் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்புக்கு, பரிந்துரைக் கடிதம் தருமாறு கேளுங்கள். கடைசி வாரம்வரை தள்ளிப்போடுவதால் நோயாளி வீணாகத் துன்பப்படுகிறார் என்பதே என் உறுதியான கருத்து.

பெங்களூர் ஹாஸ்பிஸ் டிரஸ்ட் நடத்தும் கருணாஷ்ரயா மாரத்தஹள்ளிக்கு அருகில் 1999 முதல் இயங்குகிறது. முற்றிய புற்றுநோயாளிகளை அங்கே கட்டணமின்றிப் பராமரிப்பதோடு, வீட்டுக்கே வந்து கவனிக்கும் குழுவும் வைத்திருக்கிறார்கள். அங்கே சேர்த்துவிட்டால் திரும்பி வர முடியாது என்று அஞ்ச வேண்டியதில்லை. வலியும் மூச்சுத்திணறலும் கட்டுக்குள் வந்தபின் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகம், இதயம் போன்ற பிற நோய்களுக்கு, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் நோய்த்தணிப்புப் பிரிவை (பாலியேட்டிவ் கேர்) அணுகுவதே சரி.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எரிச்சலா, குத்தலா, சுரீரென்று இழுப்பதா என்பதைப் பொறுத்து மருந்து மாறும் என்பதால், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்த அம்மாவுக்காகப் பேசும் பிள்ளைகள், அவர் சொல்வதைச் சுருக்காமல் முழுமையாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் வலிக்கு மார்ஃபின் தருவார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் மலமிளக்கியும் சேர்த்துத் தருவார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் வலிக்காக எடுக்கும்போது அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் திடீரென நிறுத்தக் கூடாது; சட்டக் கட்டுப்பாடுள்ள மருந்து என்பதால் பூட்டி வைக்கவும் வேண்டும்.

நாள் செல்லச் செல்லப் பசி மறைவது நோயின் போக்கு; நீங்கள் ஊட்டாததால் வருவதல்ல. சேலத்திலிருந்து வரும் அத்தை, "ஒரு வாய் கஞ்சியாவது குடுங்க" என்று வற்புறுத்தலாம். அவருடைய பாசம் புரிந்தாலும், விழுங்க முடியாதவருக்கு ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் நனைத்துவிடும் வேலையை அவரிடமே கொடுக்கலாம். நோயின் நிலையை நோயாளியிடம் எவ்வளவு சொல்வது என்று வீட்டார் ஒத்துப்போகாவிட்டால், குழுவின் ஆலோசகரைப் பேச வையுங்கள்.

வீட்டிலேயே இருக்க முடிவு செய்தால் இரண்டு கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: நடு இரவில் வலி கூடினால் யாரை அழைப்பது, உயிர் பிரிந்தால் எந்த மருத்துவர் வந்து சான்று எழுதித் தருவார்? இரண்டாவதற்கு விடை தெரியாத வீடுகளில், துக்க வேளையில் மருத்துவரைத் தேடி அலையவும், மயானத்தில் காத்திருக்கவும் நேரலாம். அந்தச் சான்றைக் கொண்டு 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.