பம்பரில் ஓட்டை போடாமல் முன் நம்பர் பிளேட் மாட்டுவது எப்படி

புது ஸ்போர்ட்ஸ் கார் டெலிவரி எடுக்கப் போகிறவர்கள், பணம் கட்டும் நாளிலேயே ஷோரூமில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "முன் பம்பரில் டிரில் வைக்க வேண்டாம், பிராக்கெட் நான் கொண்டு வருகிறேன்." இதைச் சொல்லாமல் விட்டால், பிளேட் மாட்ட வரும் தம்பி கையில் டிரில்லோடுதான் வருவார், இரண்டே நிமிடத்தில் பம்பர் நடுவில் இரண்டு ஓட்டை விழுந்திருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த வேலை அது. பிராக்கெட், அதாவது பிளேட்டைத் தாங்கும் சட்டம், முன்னாடியே தயாராக இருந்தால், டிரில் அந்த பிராக்கெட்டில் மட்டும்தான் படும், வண்டியில் படாது. கீழே சொல்லப்போகும் எல்லா முறைக்கும் அடிப்படை இது ஒன்றுதான்.

ஓட்டை போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பம்பர் என்பது பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். ஓட்டையின் ஓரத்தில் பெயின்ட் பெயரும், அதிர்வில் மெல்லக் கீறல் ஓடும், பிபிஎஃப், அதாவது பெயின்ட்டைக் காக்கும் படலம், ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதற்கும் மேல், பம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நீள டிரில் பிட்டை உள்ளே விட்டால் சென்சார் வயரிங்கில் படலாம், சில வண்டிகளில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே கிட்டத்தில் இருக்கும். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பதும் முன் பம்பரைத்தான்.

அதற்காக முன் பிளேட்டே இல்லாமல் ஓட்டுவது வழியல்ல. நம் நாட்டில் முன்னும் பின்னும் பிளேட் கட்டாயம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதாவது ஹெச்எஸ்ஆர்பி, ஷோரூமிலேயே மாட்டித் தர வேண்டும். கார்களுக்கு அது 500 மில்லிமீட்டர் நீளம், 120 மில்லிமீட்டர் உயரம், 1 மில்லிமீட்டர் கன அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் 20க்கு 20 அளவில் அசோகச் சக்கர ஹாலோகிராம். 340க்கு 200 என்ற இன்னொரு அளவும் உண்டு, ஆனால் தாழ்வான மூக்கு உள்ள வண்டிக்கு நீளப் பிளேட்தான் பொருந்தும். டேஷ்போர்டு மேல் பிளேட்டைச் சாய்த்து வைப்பது, பானட்டில் ஸ்டிக்கர் எழுத்து ஒட்டுவது, நம்பர் தெரியாதபடி பிளேட்டை மேல்நோக்கி மடக்கி வைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஏதாவது ஆகிவிட்டால் நம் வண்டிதான் என்று காட்டுவதற்கு நமக்கே அந்த நம்பர் தேவைப்படும்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் வாங்குவதற்கு முன் வண்டியின் முன்பக்கம் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். பம்பரில் ஒரு ஓரமாகக் கைக்கடக்கமான சதுர அல்லது வட்ட மூடி இருக்கிறதா? அதுதான் டோ ஹூக் வாய், வண்டியை இழுக்கும் கொக்கி மாட்டும் இடம். கீழ் கிரில் வலையின் கம்பி கனமா, வெறும் அலங்காரமா? பார்க்கிங் சென்சார் பொட்டுகள் எங்கே? முன் கேமரா உண்டா? ரேடார் உள்ள வண்டியாக இருந்தால் கீழ் கிரில் நடுவிலோ லோகோவுக்குப் பின்னாலோ வழவழப்பான கறுப்புப் பலகை மாதிரி ஒன்று தெரியும். ரேடாருக்கும் சென்சாருக்கும் முன்னால் அலுமினியத் தகடு வரவே கூடாது. வந்தால் டேஷில் எச்சரிக்கை விளக்கு எரியும், இல்லையென்றால் ரிவர்ஸே போடாத நேரத்தில் சென்சார் கத்திக்கொண்டே இருக்கும். ஒரு அட்டையை 500க்கு 120 அளவில் வெட்டி, மாஸ்கிங் டேப்பில் அங்கங்கே ஒட்டிப் பாருங்கள். எது சரியான இடம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெரும்பாலான வண்டிகளுக்கு நான் சொல்வது டோ ஹூக் பிராக்கெட்தான். வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்க கம்பெனியே பம்பருக்குப் பின்னால் சேசிஸோடு சேர்ந்த ஒரு மரை வைத்திருக்கிறது. அந்த மரையில் ஒரு தண்டைத் திருகி, தண்டின் நுனியில் பிளேட் தாங்கியை மாட்டுகிறோம். பம்பரில் எதுவும் தொடாது, பாரம் முழுவதும் இரும்பில் இறங்கும். பின்னாளில் இது வேண்டாமென்றால் கழற்றி மூடியைப் போட்டுவிட்டால் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது மரை. ஒவ்வொரு கம்பெனிக்கும் மரையின் அளவும் இடைவெளியும் வேறு. வோக்ஸ்வாகன், ஆடி மாதிரியான வண்டிகளில் பெரும்பாலும் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். அதனால் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கும் பிராக்கெட்டை நம்பாமல், உங்கள் மாடல், வருடம் சொல்லி வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் டிக்கியில் ஸ்டெப்னியோடு இருக்கும் டோ ஹூக்கை எடுத்துக்கொண்டு நல்ல லேத் பட்டறைக்குப் போங்கள். அந்த மரையை அளந்து அதே மாதிரி ஒரு ஸ்டெயின்லெஸ் தண்டு கடைந்து தரும் ஆட்கள் சேலத்தில் இருக்கிறார்கள், ஸ்டீல் பிளான்ட் உள்ள ஊரில் ஸ்டெயின்லெஸ் தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. தண்டின் நீளத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: பிளேட்டின் பின்புறத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும், அதற்கு மேல் நீண்டால் பிளேட் துருத்திக்கொண்டு ஆடும்.

மாட்டும்போது, மூடியை நேராக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், நுனியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். மூடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வார் இருக்கும், அதை அறுக்காமல் எடுத்து டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். தண்டைக் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். முதல் இரண்டு சுற்றிலேயே கடினமாக இருந்தால் மரை பொருந்தவில்லை என்று அர்த்தம், ஸ்பேனர் போட்டு அழுத்தினால் சேசிஸ் மரையே கெட்டுப்போகும், அது பம்பர் ஓட்டையைவிடப் பெரிய தலைவலி. மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் மழைக்கு இறுகிப்போகாது. அப்புறம் தாங்கியை மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிளேட் தரைக்குச் சமமாக வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். வண்டி சரிவில் நின்றால் ரசமட்டம் தப்பாகக் காட்டும், அதனால் சமதளத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஒரே தண்டில் நிற்பதால் பிளேட்டின் தூரத்து முனை ஆடும். அந்த முனைக்குப் பின்னால் தாங்கியில் ஒரு ரப்பர் புஷ் வைத்து, அது பம்பரில் படும் இடத்தில் சின்னதாக ஒரு பிபிஎஃப் துண்டு ஒட்டிவிட்டால் ஆட்டமும் நிற்கும், பெயின்ட்டும் தேயாது. இந்த ரப்பர் இல்லாமல் மாட்டிய வண்டிகளில் பம்பர் மேல் பிறை வடிவத்தில் ஒரு தேய்மானம் விழுந்திருப்பதை நிறையப் பார்க்கலாம்.

டோ ஹூக் இடம் ஒத்துவராத வண்டிகளுக்கு அடுத்தது கிரில் வலை. வலையின் முன்னால் தாங்கி, பின்னால் 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை, நடுவில் ரப்பர், எல்லாவற்றையும் சேர்த்து எம்6 போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டுக் கவ்வ வைப்பது. பின்பட்டை நீளமாக இருந்தால் பாரம் பல கண்ணிகளில் பரவும், வெறும் வாஷர் போட்டால் இரண்டு கண்ணியில் மட்டும் பாரம் இறங்கி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் வலை உடையும். ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராக அலுமினியத்தில் படாமல் நைலான் வாஷர் வையுங்கள், ஈரம் பட்டால் அந்த இரண்டும் சேரும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டு வரும்.

ஆனால் இந்த முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அது காற்று. கீழ் கிரில்தான் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் மூச்சு. அடிவாரத்தில் இருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு, ஏறுவது முழுக்க இரண்டாவது, மூன்றாவது கியரில். இன்ஜின் உழைப்பு அதிகம், வண்டியின் வேகத்தால் வரும் காற்று குறைவு. கோடை விழா நேரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு ஏறினால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் கிரிலின் பாதியைப் பிளேட் மூடியிருந்தால் டெம்பரேச்சர் ஏறும். அதனால் கிரில் அகலமாக உள்ள வண்டியில், காற்று போகும் வாயில் சின்னப் பகுதியை மட்டும் மறைக்கிற மாதிரி மேல் விளிம்பை ஒட்டி மாட்ட முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சில வண்டிகளில் பம்பரின் அடி உதட்டில், கீழிருந்து பார்த்தால், கம்பெனி போட்ட போல்ட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் இரண்டைக் கழற்றி, ஒரு 'எல்' வடிவத் தகட்டைச் சேர்த்து முடுக்கி, அதன் முன்பக்கத்தில் பிளேட்டை நிறுத்தலாம். வேலை சுலபம், செலவும் குறைவு. தரையில் இருந்து உயரம் குறைவான வண்டி என்றால் வேண்டாம், வீட்டு வாசல் சாய்தளத்திலேயே தகடு முதலில் தட்டும்.

டேப் ஒட்டும் முறை கடைசிதான். பம்பர் தட்டையாக இருந்தால் மட்டும். இங்கேயும் பிளேட்டை நேராக வண்டியில் ஒட்டக் கூடாது, தாங்கியைத்தான் ஒட்ட வேண்டும். சாதாரண இரட்டைப் பக்க டேப் இதற்கு ஆகாது, கார் மோல்டிங் ஒட்டப் பயன்படும் விஹெச்பி வகை நுரை டேப் வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு இரண்டு பக்கமும் துடையுங்கள், மெழுகு, செராமிக் கோட்டிங் இருந்தால் அந்த டேப் பிடிக்காது. டேப் பிடிக்க ஏற்ற சூடு 21 முதல் 38 டிகிரி. சேலத்தில் மே மாத மதியம் வெயிலில் நின்ற பம்பரில் ஒட்டாதீர்கள், காலையில் நிழலில் ஒட்டுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் நேர் எதிர், டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் டேப் விறைத்துப்போய்ப் பிடிக்காது, மதியம் வரை பொறுத்து, பம்பரை ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் ஒரு நிமிடம் பலமாக அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை பிளேட்டை மாட்டாமல், வண்டியைக் கழுவாமல் விடுங்கள். அண்மையில் பெயின்ட் அடித்த பம்பரிலும், பிபிஎஃப் மேலும் இந்த முறை கூடாது, எடுக்கும்போது டேப்போடு அதுவும் உரிந்து வரும். பின்னாளில் கழற்ற வேண்டுமென்றால் லேசாகச் சூடு காட்டி, தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் பிடித்து, டேப்புக்கு நடுவே ரம்பம் மாதிரி இழுத்து அறுக்க வேண்டும், நெம்பக் கூடாது.

காந்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், பிளேட் அலுமினியம், இரண்டிலும் காந்தம் ஒட்டாது.

தாங்கி தயாரான பிறகுதான் ஹெச்எஸ்ஆர்பி. அதை ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத ஸ்னாப் லாக்கில் மாட்டுவார்கள், கழற்றினால் லாக் உடையும். அதனால் தாங்கியில் துளைகளின் இடத்தைப் பிளேட் வந்த பிறகு அதைப் பார்த்துக் குறியுங்கள், முன்கூட்டியே கணக்குப் போட்டுத் துளைக்க வேண்டாம். ஸ்னாப் லாக்கின் வால் தாங்கியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், நான் சொன்ன ஒரு விரல் இடைவெளி அதற்காகவும்தான். முடிந்தால் தாங்கியை வண்டியில் இருந்து கழற்றி மேசையில் வைத்துத் துளைக்கச் சொல்லுங்கள், அப்படிச் செய்தால் டிரில் வழுக்கினாலும் வண்டிக்கு ஆபத்தில்லை. ஃபிட்டரிடம் பக்குவமாகச் சொன்னால் போதும், "அண்ணா, இதில் போட்டுக் கொடுங்கள், மாட்டிக்கொள்வது என் வேலை" என்றால் யாரும் மறுப்பதில்லை. பிளேட்டுக்குச் சுற்றி பிளாஸ்டிக் ஃப்ரேம் போடுவதாக இருந்தால் ஹாலோகிராமோ, லேசரில் பொறித்த எண்ணோ மறையாத மெல்லிய ஃப்ரேமாகப் பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். சேலத்துக்காரர்கள் கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்து, மலையேறி, ஏற்காடு ஒண்டிக்கடையில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நின்றது, வளைவில் திருப்பும்போது முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்ததா, பார்க்கிங் சென்சார் காரணமில்லாமல் கத்தியதா. பிளேட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், லாக் நட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். முதல் மலை ஓட்டத்தில் தளர்வது சாதாரணம், இரண்டாவது ஓட்டத்திலும் தளர்ந்தால் மரை தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறம் வாங்கி, இரண்டு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். சேலத்து மேக்னசைட் சுரங்கப் பக்கம் தினமும் போய் வருகிறவர்கள், கழுவும்போது தாங்கிக்கும் பம்பருக்கும் நடுவே தண்ணீர் அடித்து அந்த வெள்ளைத் தூசியை எடுத்துவிடுங்கள், அது அங்கே தங்கினால் ரப்பர் புஷ்ஷுக்கு அடியில் உப்புத்தாள் வேலை செய்யும்.

டோ ஹூக் முறையில் போனவர்கள் வண்டியின் சொந்த டோ ஹூக்கையும், தாங்கியின் லாக் நட்டுக்குச் சேரும் ஸ்பேனரையும் ஒரே பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். மலைப்பாதையில் வண்டி நின்றால் முதலில் பிளேட்டைக் கழற்றினால்தான் கொக்கி மாட்ட முடியும், மீட்பு வண்டிக்காரரிடம் உங்கள் அளவு ஸ்பேனர் இருக்கும் என்று எண்ணிப் போக முடியாது.