இதய அறுவைக்கு அமெரிக்கா வரும் குழந்தை: தன்னார்வலர்கள் கவனிக்க வேண்டியவை

1975-ல் உகாண்டாவிலிருந்து ஒரு சிறுமியை நியூயார்க்குக்கு வரவழைத்து, இலவச இதய அறுவைக்கு ஏற்பாடு செய்தார்கள் ரோட்டரி சங்கத்தினர். 'கிஃப்ட் ஆஃப் லைஃப்' திட்டம் அப்படித்தான் தொடங்கியது. இன்றும் பாதி வேலை, குழந்தை விமானம் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சிகிச்சைக்காக அமெரிக்கா வருவோருக்கான பி-2 விசாவுக்கு, நோயை விளக்கும் உள்ளூர் மருத்துவரின் கடிதமும், சிகிச்சை தர ஒப்புக்கொண்ட மருத்துவமனையின் கடிதமும் தேவை. எத்தனை நாள், எவ்வளவு செலவு, யார் ஏற்கிறார்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். எக்கோ (இதய ஸ்கேன்) பதிவைச் செல்போனில் படம்பிடித்து அனுப்பாதீர்கள். இதயத்தின் அசைவு தெரியும் மூல வீடியோவையே கேட்டு வாங்குங்கள். பல் பரிசோதனையை மறக்கவே வேண்டாம். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தம் வழியே இதயத்தைத் தாக்கலாம். அதனாலேயே அறுவை தள்ளிப்போகக்கூடும்.

அறுவையில் பிளந்த நெஞ்செலும்பு மீண்டும் ஒன்றுசேர ஏறக்குறைய 6 வாரம் ஆகும். அதுவரை குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும், மறுகையைத் தோளுக்குப் பின்னாலும் கொடுத்து அள்ளி எடுங்கள். தலைவழி மாட்டும் உடுப்பில் கையைப் பிடித்து இழுக்க நேரும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைதான் நல்லது. 100.4 டிகிரி காய்ச்சலோ, காயத்தில் கசிவோ கண்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழையுங்கள்.

ஊர் திரும்பும்போது மருந்தில்தான் பெரிய தவறு நடக்கும். உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபியூரோசமைடு திரவ மருந்து அமெரிக்காவில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 10 மி.கி.; ஊரில் வேறு செறிவில் கிடைக்கலாம். அளவை மில்லிகிராமிலேயே, தாய்க்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுங்கள். அங்கே புது பாட்டில் வாங்கியதும், உள்ளூர் மருத்துவரிடம் ஊசியில்லாத சிரிஞ்சில் எதுவரை மருந்தை எடுக்க வேண்டும் என்று புதிதாகக் கோடு போட்டு வாங்கச் சொல்லுங்கள்.