கூகுள் விளம்பரக் காசு வெளியூருக்குப் போகாமல் இருக்க

உள்ளூர்த் தொழிலுக்கு கூகுள் ஆட்ஸ் கொடுக்கிறீர்களா? கேம்பெயின் செட்டிங்ஸில் ‘லொகேஷன் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, ‘ஆர் இன்ட்ரஸ்ட்’ இல்லாமல் வெறும் ‘பிரசன்ஸ்’ என்று இருக்கும் இரண்டாவது தேர்வுக்கு மாற்றிவிடுங்கள். கூகுள் தானாகவே போட்டு வைத்திருப்பது ‘பிரசன்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்’. அதாவது நீங்கள் மதுரை என்று குறித்தால், மதுரையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, டெல்லியில் இருந்துகொண்டு மதுரை மேல் ஆர்வம் காட்டிய ஒருவருக்கும் உங்கள் விளம்பரம் தெரியலாம். ஏசி பழுதுபார்ப்பவருக்கு அந்த கிளிக்கால் பெரும்பாலும் வேலை வராது, காசு மட்டும் கழியும். சிறிய பட்ஜெட்டில் இந்தக் கசிவு ரொம்பவே வலிக்கும். ‘லொகேஷன் ஆப்ஷன்ஸ்’ செட்டிங்ஸில் மடிந்து கிடப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

லாட்ஜ், கல்யாண மண்டபம், வீட்டு மனை விற்பவர்கள் மட்டும் இதை மாற்ற வேண்டாம். அவர்களுக்கு வாடிக்கையாளர் வெளியூரிலிருந்துதான் தேடி வருவார். அப்புறம், மாற்றிய பிறகும் ஓரிரு வெளியூர் கிளிக் வரத்தான் செய்யும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை கூகுள் ஐபி முகவரி (இணைய இணைப்புக்கான எண்) போன்ற குறிப்புகளை வைத்துத்தான் கணிக்கிறது, அது எப்போதும் சரியாக இருக்காது.