பாதியில் நின்ற டுகாட்டியை விற்கப் போகிறீர்களா?

"90 சதவீதம் முடிந்துவிட்டது, வயரிங் மட்டும்தான் பாக்கி." பாதி கட்டிய பழைய இத்தாலிய பைக்கை விற்க வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். முதலில் பார்க்க வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வயரிங்தான் பாக்கி என்றால் பின்சக்கரம் ஏன் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது?" என்றார். சக்கரத்தை நடுவில் நிறுத்த அச்சில் போடும் ஸ்பேசர் என்ற வளையத்தை இன்னும் கடையவில்லை. அதைச் சொன்னதும், வேறு என்னவெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

என்னிடம் இருந்தது 1970களின் டுகாட்டி இரட்டைச் சிலிண்டர் இன்ஜின். ஃப்ரேம் இங்கிலாந்துப் பட்டறை ஒன்றில் தனியாகச் செய்தது. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி வடிவமைத்த அந்த இன்ஜினோடு 750 ஜிடி என்ற மாடல் 1971இல் விற்பனைக்கு வந்தது. 1972 ஏப்ரலில் இத்தாலியின் இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புருனோ ஸ்பஜ்ஜாரியும் டுகாட்டி ஓட்டி முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் அதன் மவுசே வேறு. டுகாட்டியே தன் 500 சிசி பந்தய வண்டிக்கு இங்கிலாந்தின் காலின் சீலியிடம் ஃப்ரேம் செய்து வாங்கியிருக்கிறது. இத்தாலிய இன்ஜின், இங்கிலீஷ் ஃப்ரேம் என்ற ஆசை ஒன்றும் புதிதல்ல.

ஆசைக்கு ஆன செலவை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது. எல்லோரும் சறுக்கும் இடம் இது. பில்களைக் கூட்டி விலை வைக்கிறோம். இல்லாவிட்டால் 1974இன் 750 சூப்பர் ஸ்போர்ட், அதாவது சுமார் 400 மட்டுமே தயாரான அந்தப் பச்சை ஃப்ரேம் வண்டி, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று பார்த்துக் கனவு காண்கிறோம். அந்த வண்டிக்கும் நம்முடையதற்கும் சம்பந்தமில்லை. நம்முடையதைப் போலத் தனி ஃப்ரேமில் கட்டி முடித்து ஓடும் வண்டி என்ன விலைக்குப் போகிறதோ, அதில் மிச்ச வேலைக்குப் பட்டறைக் கூலி கழிய வேண்டும். வாங்குபவர் தலையில் ஏறும் ஆபத்துக்கும் கொஞ்சம் கழிய வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. இன்ஜின், மார்சோக்கி ஃபோர்க், பிரெம்போ பிரேக், 40 மி.மீ. டெலோர்ட்டோ கார்புரேட்டர், கோன்டி சைலன்சர் என்று தனித்தனியாகப் பிரித்து விற்றால் என்ன வரும்? அதற்குக் கீழே விலை சொன்னால் முதலில் போன் செய்பவர் பிரித்து விற்கும் வியாபாரிதான். அதில் வருத்தமில்லை என்றால் சரி.

அடுத்தது காகிதம். நான் பெரிதாக அடி வாங்கியது இதில்தான். தனி ஃப்ரேம் வந்து சேர்ந்த உற்சாகத்தில், பழைய ஃப்ரேமையும் அதோடு லாக்புக் என்ற பதிவுப் புத்தகத்தையும் சேர்த்து விற்றுவிட்டேன். கையில் கொஞ்சம் காசு வந்தது, கராஜில் இடமும் கிடைத்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது பெரும்பாலும் அந்த ஃப்ரேம்தான். அது போனதோடு என் வண்டியின் பெயர், வயது எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது உதிரிப்பாகக் குவியல். பிரிட்டனில் இப்படிக் கட்டிய வண்டியைப் பதிவு செய்யப் போனால் தனிச் சோதனைக்கு நிறுத்தச் சொல்லலாம். அடையாளம் தெளிவில்லாத வண்டிக்குக் க்யூ எழுத்தில் தொடங்கும் எண் கிடைக்கலாம். அந்த எழுத்தைக் கண்டாலே சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். இத்தாலியில் 'லிப்ரெத்தோ' என்ற பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஃப்ரேமில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் தலைவலிதான்.

ஆகவே விளம்பரம் எழுதும் முன் ஃப்ரேம் செய்தவரின் ரசீதைத் தேடி எடுங்கள். ஃப்ரேமில் எண் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். பழைய எண்ணைப் புது ஃப்ரேமில் அடித்துவிடலாமே என்று யோசனை சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அது மோசடி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்ஜின் விஷயத்திலும் எழுத்து முக்கியம். 900 எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) என்று வண்டியில் எழுதியிருந்தாலும் அதன் உண்மையான அளவு 864 சிசி. இன்ஜினில் அடித்திருப்பது 'டிஎம் 860'. கார் வடிவமைப்பாளர் ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ வடிவம் கொடுத்த 860 ஜிடியிலும் அதே எழுத்துதான். ஆனால் 860 ஜிடியில் வால்வை மூடுவது சாதாரண ஸ்பிரிங். 900 எஸ்எஸ்ஸில் டெஸ்மோ, அதாவது வால்வைத் திறக்க ஒரு நெம்புகோல், மூட இன்னொன்று. வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டை மாற்றிப் போட்ட இன்ஜின்களும் ஏராளம். எண்ணைப் பார்த்து '900 எஸ்எஸ் இன்ஜின்' என்று எழுதிவிட்டு, வந்தவர் வால்வு மூடியைக் கழற்றினால் அசடு வழிய நேரிடும்.

'இன்ஜின் ரீபில்ட் செய்தது' என்ற வரிக்கும் தனியாக மதிப்பில்லை. எதைச் செய்தார்கள், யார் செய்தார்கள், எப்போது? ஆரம்பகால 750களில் எண்ணெய்க்குக் காகித ஃபில்டர் கிடையாது, கம்பி வலை மட்டும்தான். அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்தில் இருக்கும் 'பிக் எண்ட்' பேரிங்கைப் பற்றி. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் பெவல் என்ற சாய்வுப் பற்சக்கரங்கள் ஜோடி ஜோடியாக ஒத்து வேலை செய்பவை. ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளி சரிசெய்வதற்கே பொறுமைசாலி வேண்டும். அந்த அளவுகளைக் கிறுக்கி வைத்த எண்ணெய்க்கறை படிந்த ஒரு தாள், பளபளக்கும் பத்துப் படங்களைவிட அதிகம் பேசும்.

பெட்ரோல் டாங்க் ஃபைபரா அலுமினியமா என்றும் சொல்லிவிடுங்கள். பழைய ஃபைபர் டாங்குகளை எத்தனால் கலந்த பெட்ரோல் இளக்கிவிடும். பிரிட்டனில் 2021இல் 10 சதவீதக் கலவை வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத நாளில்லை.

விற்கும் முன் அழகுபடுத்தும் ஆசையும் வரும். வெறும் ஃப்ரேமுக்கு அவசரமாகப் பவுடர் கோட்டிங் அடிப்பார்கள். வாங்குபவர் பார்க்க வருவதே குழாய்கள் சேரும் பற்றவைப்பைத்தான். அதை மூடினால் எதையோ மறைப்பதாகத்தான் நினைப்பார். வருடக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினை வீடியோவுக்காகக் கிளப்பவே வேண்டாம். எண்ணெய் மேலே ஏறும் முன் கேம் உரசிவிடும்.

இரண்டாம் முறை வேறு மாதிரி எழுதினேன். பாக்கி வேலை 23 என்று எண்ணிப் பட்டியல் போட்டேன். நட்டு போல்ட்டுகளைப் பையில் போட்டு எங்கே போகும் என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். உதிரிப்பாகமாகத்தான் விற்கிறேன், காகிதம் இல்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். கேட்ட விலை முன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சனிக்கிழமை காலை ஒருவர் வேனோடு வந்தார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்தார், பேரமே பேசவில்லை. கிளம்பும்போது பின்சக்கரத்தைக் காட்டி, "ஸ்பேசர் எவ்வளவு?" என்றார். 14 மி.மீ. என்றேன். அடுத்த வாரம் செய்தி அனுப்பினார்: கடைந்து போட்டாயிற்று, சரியான அளவு 11.