புகைக்குப் புகை ஜோடி இல்லை: சிகாருக்கு ஸ்காட்ச் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரில் மாலை ஏழு மணிக்கு மேல் மொட்டை மாடிக் காற்று இதமாகிவிடும். சிகாரும் ஸ்காட்ச்சும் சேர்த்து ரசிக்கப் பழகுகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே அவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். ஸ்காட்ச்சில் கோலா ஊற்றுவது, சிகார் புகையை நெஞ்சுக்குள் இழுப்பது எல்லாம் ஒரே மாலையில் தானாகப் புரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறோம். பணத்தைத் தின்னும் தவறுகள் வேறு.

முதலில் ஒன்று. இது 21 வயது நிரம்பியவர்களுக்கானது. மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் தனித்தனியாக இருப்பதைவிட அதிகம். ஆகவே எப்போதாவது, அளவோடு.

புகை சிகாருக்குப் புகை விஸ்கி

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எரிச்சல் தீராத தவறு இதுதான். "சிகார் புகை, ஐலே விஸ்கியும் புகை, இரண்டும் பொருந்தும்" என்று யாரோ சொல்லிவைக்க (ஐலே என்பது புகை வாசனை விஸ்கிக்குப் பெயர்பெற்ற ஸ்காட்லாந்துத் தீவு), அதை நம்பி முதல் பாட்டிலையே லகவுலினாகவோ ஆர்ட்பெக்காகவோ வாங்கிவிடுகிறார்கள். தருமபுரியில் ஒரு இளைஞர் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானிடம் சொல்லி டியூட்டி ஃப்ரீயில் லகவுலின் 16 (16 ஆண்டு முதிர்ந்தது) வாங்கிவரச் செய்தார். அதோடு கருத்த மடூரோ இலை சுற்றிய, காரமான நிகராகுவா சிகார். பத்தே நிமிடத்தில் "மாப்ளே, மருந்துக்கடை வாசனை மட்டும்தான் வருது" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். விஸ்கியில் குறை இல்லை. சேர்த்த விதம் தவறு.

காரணம் இது. பீட் என்பது ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும், செடிகொடி மக்கிய எரிமண். முளைகட்டிய பார்லியை அதன் புகையில் உலர்த்தும்போது புகை வாசனை தரும் ஃபீனால்கள் என்ற சேர்மங்கள் தானியத்தில் ஏறுகின்றன. லகவுலினுக்குப் பயன்படும் மால்ட்டில் (அப்படி முளைகட்டி உலர்த்திய பார்லியில்) ஃபீனால் அளவு ஏறக்குறைய 35 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 35 பங்கு, ஆர்ட்பெக்குக்குச் சுமார் 55. இந்த ஃபீனால்களில் முக்கியமான குவாயகோல், எரியும் புகையிலையிலிருந்தும் வருகிறது. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குச் சூளைப் புகை உறைக்காது அல்லவா, அதுபோல. சிகார் பற்றவைத்த சிறிது நேரத்தில் விஸ்கியின் புகை மறைந்துபோகிறது. அயோடின் வாடையும் உப்பும் சாம்பல் கசப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ, அதுதான் முதலில் காணாமல் போகிறது.

சிகாருக்கு வேண்டியது எதிர்ச்சுவை. புகை நாக்கை வறட்டும், கசப்பை ஏற்றும். அதற்கு இனிப்பும் எண்ணெய்ப்பசையும் உள்ள விஸ்கி ஈடுகொடுக்கும். ஓலரோசோ ஷெரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த மால்ட் விஸ்கியில் கிஸ்மிஸ், பேரீச்சை, கிராம்பு, லேசான கருப்பட்டிச் சுவை இருக்கும். க்ளென்ட்ரோனாக் 12 (ஆல்கஹால் 43 சதவீதம்), க்ளென்ஃபார்க்ளாஸ் 15 (46), புனஹாவன் 12 (46.3) ஆகியவை நல்ல தொடக்கம். புனஹாவன் ஐலே தீவில் தயாராவதுதான். ஆனால் இந்த 12-இல் பீட் ஏறக்குறைய இல்லை. தீவின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஷெரி என்றால் கறுப்பாக இருக்கும் என்று நிறத்தைப் பார்த்து வாங்குவதும் ஏமாற்றும். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி, இ150ஏ, சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. லேபிளில் ஷெரி பீப்பாய் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பீட் புகை வாசனை இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் சிகாரை முடித்து, வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் விட்டு 30 மி.லி. லகவுலினை ராவாக எடுங்கள். அப்போது அது தன் முழு அழகையும் காட்டும். சிகாரோடுதான் வேண்டும் என்றால் மிதமான புகையும் மிளகுக் காரமும் உள்ள டாலிஸ்கர் 10 (45.8) வரை போகலாம். அதற்கு மேல் போவது வீண்செலவு.

வயதைப் பார்த்து வாங்குவது

18 என்று போட்டிருந்தால் 12-ஐவிட உயர்த்தி என்று நினைக்கிறார்கள். லேபிளில் உள்ள வயது அந்தப் பாட்டிலில் கலந்தவற்றில் மிக இளையதின் வயது, அவ்வளவே. பீப்பாயில் நீண்ட நாள் இருந்த விஸ்கியின் சிறப்பு அதன் நுணுக்கமான பழ, மர வாசனைகள். 40 சதவீதத்தில் அடைத்த அப்படியொரு 18-ஐக் காரமான சிகாரோடு வைத்தால் இரண்டாவது இழுப்பிலேயே தண்ணீர்போல் ஆகிவிடும். சிகாரோடு குடிக்க வயதைவிட முக்கியம் பீப்பாயும் ஆல்கஹால் அளவும். 43 முதல் 46 வரை சரியான எல்லை. இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்படும் பல ஸ்காட்ச் பிளெண்டுகளில் (கலப்பு விஸ்கிகளில்) 42.8 என்று பார்ப்பீர்கள், அது போதும். 50-ஐத் தாண்டினால் சிகாரின் சூடும் சேர்ந்து நாக்கு மரத்துவிடும்.

பாட்டில் முதலில், சிகார் பிறகு

தலைகீழாகச் செய்யுங்கள். எந்த சிகார் உங்களுக்குப் பிடிக்கிறது என்று முதலில் முடிவாகட்டும். வெளிர்நிறக் கனெக்டிகட் இலை சுற்றிய மென்மையான சிகாருக்குப் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்ந்த, வனிலா வாசனையுள்ள மால்ட் விஸ்கி போதும். பழுப்பு நிற, நடுத்தரக் கார சிகாருக்கும் மடூரோவுக்கும் ஷெரி பீப்பாய் விஸ்கி.

பிறகு சோதனை. 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ் உள்ள ரொபஸ்டோ எடுத்துக்கொள்ளுங்கள் (ரிங் கேஜ் என்பது சிகாரின் தடிமன் அளவு; 64 ரிங் கேஜ் ஒரு அங்குல விட்டம்). எரிய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். மூன்று கிளாஸில் 15 மி.லி. வீதம் மூன்று விஸ்கி ஊற்றுங்கள். பற்றவைக்கும் முன்பே மூன்றையும் ஒருமுறை நாவில் வைத்துப் பாருங்கள். சிகாருக்குப் பின் அந்த அளவுகோல் கிடைக்காது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. புகையை விட்டபின் அரை நிமிடம் காத்திருந்து 3 மி.லி. அளவு உறிஞ்சுங்கள். அடுத்த விஸ்கிக்கு முன் ஒரு வாய் தண்ணீர். முதல் மூன்றிலொரு பங்கில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிகார் சூடேறிக் கசக்கத் தொடங்கும் கடைசிப் பங்கில் எந்த விஸ்கி இன்னும் தெரிகிறதோ, முழு பாட்டில் அதுதான். டாஸ்மாக் எலைட் கடை அலமாரியில் நினைத்த பெயர் இல்லாமல் போகலாம். பெயரை விட்டு வகையைத் தேடுங்கள். மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் பகிர்ந்தால் செலவும் குறையும்.

போர்வெல் தண்ணீர்

46 சதவீத விஸ்கி 45 மி.லி.-யில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர் விட்டால் 41-க்குச் சற்று மேலே வந்து நிற்கும், வாசனை திறக்கும். அந்த ஒரு டீஸ்பூனில்தான் நம் பக்கத்தில் கோட்டை விடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடுக்குத் தனிச்சுவை இல்லை. ஆனால் அதே நீரின் கடினத்தன்மையும் உப்பும் நாக்கில் முந்திக்கொண்டு விஸ்கியின் இனிப்பை அமுக்கும். ஆர்.ஓ. தண்ணீரோ காவிரித் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஐஸ் கட்டியும் அதே தண்ணீரில்தான் உறைய வேண்டும். பலர் இதை மறக்கிறார்கள்.

சித்திரை வெயிலில் ஊற்றுவது

தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும். 18 முதல் 22 டிகிரி வரை விஸ்கிக்கு நல்லது. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். கிளாஸைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஓசூரில் பெரும்பாலான மாலைகளில் அதுவும் தேவைப்படாது.

மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்

நம் ஊரின் பெருமைதான், ஆனால் இந்த மேசையில் வேண்டாம். புளிப்பும் காரமும் நாக்கில் இருக்கும்போது ஷெரியும் ஒன்றுதான், சாராயமும் ஒன்றுதான். உப்பில்லாத வறுத்த வேர்க்கடலை, பேரீச்சை போதும்.

வெறும் வயிறு

சிகார் புகை காரத்தன்மை உடையது. உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாய்த் தோல் வழியே ரத்தத்தில் ஏறும். வெறும் வயிற்றில் மதுவும் சேர்ந்தால் தலைசுற்றல், குமட்டல், குளிர்வியர்வை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். சுற்றினால் சிகாரைக் கீழே வைத்துவிட்டு வெல்லத் தண்ணீர் குடியுங்கள்.

சிகாரை விஸ்கியில் முக்குவது

இலை ஊறிப் பிரியும். செய்யாதீர்கள்.

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வரும் பாட்டில்

மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விலை குறைவு என்பது காரணமாகாது.

சிகாரைப் பீரோவில் போடுவது

உலர்ந்த சிகார் வேகமாக, சூடாக எரியும். எந்த ஸ்காட்ச்சும் கசக்கும். அப்போது விஸ்கியைக் குறை சொல்கிறார்கள். காற்றுப் புகாத டப்பாவில் 65 சதவீத ஈரப்பதப் பையோடு வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் நீடித்தால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து இலையில் குண்டூசித் துளைகள் விழும். கோடையில் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காமல் அவ்வப்போது வாங்குவது மேல்.

பாதி பாட்டில்

பாட்டிலைப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும்; நிறுத்தி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பாதிக்குக் கீழே போன பாட்டிலில் காற்று அதிகம்; சில மாதங்களில் பழ வாசனை மங்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்த 180 மி.லி. கண்ணாடிக் குவார்ட்டர் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடி, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.