கும்பலின் பணத்தைத் துரத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கடத்தல் கும்பலின் தலைவன் கைதானால் அது பெரிய செய்தி. ஆனால் அவன் சேர்த்துவைத்த பணம் கைபடாமல் கிடந்தால், அவன் இடத்தில் தம்பியோ மச்சானோ வந்து உட்கார அதிக நாள் ஆகாது. வக்கீல் கட்டணம், சாட்சிகளை மிரட்டும் ஆட்களின் கூலி, அடுத்த சரக்குக்கான முன்பணம் எல்லாமே அந்தப் பணத்திலிருந்துதான் வரும். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, 2009-இல் உலகம் முழுவதும் குற்றங்களால் ஈட்டப்பட்ட பணம் உலக மொத்த உற்பத்தியில் சுமார் 3.6 சதவீதம் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அப்படிப் புழங்கும் பணத்தில் முடக்கப்படுவதும் பறிமுதலாவதும் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் சொன்னது. நிதிப் புலனாய்வாளர் என்று ஒருவர் ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும். அந்த வேலையில் புதியவர்கள் மட்டுமல்ல, பல வருடம் இருப்பவர்களும் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பணத்தைக் கடைசியாகப் பார்ப்பது. கைது, சோதனை, வாக்குமூலம் எல்லாம் முடிந்த பிறகு, "சொத்து விவரத்தைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்" என்று கோப்பு வருகிறது. அதற்குள் கணக்கு காலி, வீடு வேறு பெயரில், கணக்குப் பார்த்தவர் வெளிநாட்டில். பணச்சலவைத் (குற்றப் பணத்தை நேர்மையான பணம்போல் மாற்றிக் காட்டுவது) தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப் தன் 30-ஆவது பரிந்துரையில் கேட்பதே குற்ற விசாரணையும் நிதி விசாரணையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும் என்பதைத்தான். அயர்லாந்து இதை அமைப்பாகவே செய்து காட்டியது. 1996-இல் போதைக் கும்பல்களைப் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதே வருடம் குற்றச் சொத்துகளுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். போலீஸ், வரித்துறை, சுங்கம், சமூகநலத் துறை அதிகாரிகளை அதில் ஒன்றாக உட்கார வைத்தார்கள். ஒருவரிடம் இருக்கும் தகவல் அடுத்தவருக்குத் தெரியாமல் கிடக்கும் நிலை அங்கே பெருமளவு குறைந்தது.

அடுத்தது, வங்கி ஸ்டேட்மென்ட்டை மட்டுமே நம்புவது. கணக்கில் ஒன்றும் இல்லை என்றால் பணமே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். 1920-களில் அமெரிக்காவின் சிகாகோவை ஆட்டிப்படைத்த கும்பல் தலைவன் அல் கபோன் பெயரில் வங்கிக் கணக்கே இல்லை. அவர்மேல் வரி வழக்கு கட்டிய வரித்துறைப் புலனாய்வாளர் ஃபிராங்க் வில்சனுக்குக் கைகொடுத்தது, 1926-இல் வேறொரு சோதனையில் கைப்பற்றி யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சூதாட்டக் கணக்குப் புத்தகம். அதிலிருந்த கையெழுத்தை வைத்து, எழுதிய கணக்குப்பிள்ளை லெஸ்லி ஷம்வே என்று கண்டுபிடித்து, அவரை மியாமியில் தேடிப் பிடித்துச் சாட்சியாக்கினார். அப்புறம் நீதிமன்றத்தில் தையல் கடைக்காரர்களும் மேசை நாற்காலி விற்றவர்களும் வந்து, கபோன் என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று சொன்னார்கள். தொலைபேசிக் கட்டணம்கூடச் சாட்சியமானது. வருமானமே இல்லை என்பவர் இவ்வளவு செலவு செய்தது எப்படி என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை. 1931-இல் 11 வருடச் சிறை.

இன்றைக்கும் இந்த முறை செல்லும். வருடத் தொடக்கத்தில் இருந்த சொத்து, முடிவில் இருந்த சொத்து, நடுவில் செய்த செலவு, கணக்கில் காட்டிய வருமானம் ஆகியவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். வருமானத்தால் விளக்க முடியாமல் மிஞ்சும் தொகை எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் வழக்கு. பள்ளிக் கட்டணம், மருத்துவமனை பில், காப்பீட்டுத் தவணை, விமான டிக்கெட் என எதையும் அற்பம் என்று ஒதுக்காதீர்கள். இன்னொன்று, பழைய கோப்புகளைப் புரட்ட அலுத்துக்கொள்ளாதீர்கள். என் பார்வையில் இந்தத் தொழிலில் முக்கியமான திறமை அந்தப் பொறுமைதான்.

பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டதும் நின்றுவிடுவது இன்னொரு தவறு. நிறுவனத்தின் இயக்குநர் என்று பதிவாகியிருப்பவர் டிரைவராக இருப்பார், இல்லை என்றால் மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் பினாமியாக இருப்பார். அவரைப் பிடித்து வழக்கை முடித்துவிட்டால் உண்மையான முதலாளிக்கு அது லாபம்தான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தக் கணக்கின் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? அந்த வீட்டில் குடியிருப்பது யார்? வாடகை வந்தால் யார் செலவழிக்கிறார்கள்? நிறுவனத்தை விற்கலாம் என்று முடிவெடுப்பது யார்? ஒரே முகவரியில் பெயரளவில் மட்டும் இருக்கும் பல லெட்டர்பேட் கம்பெனிகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆடிட்டர் என்று கண்டால் அந்த ஆடிட்டரிடம்தான் கதை இருக்கிறது. பணத்தைச் சலவை செய்து கொடுப்பவர்கள் பல நேரம் கும்பலின் ஆட்களே அல்லர். பல கும்பல்களுக்குக் கூலிக்கு வேலை பார்க்கும் தொழில்காரர்கள். அவர்களை வெறும் சாட்சியாக நினைத்து விட்டுவிட்டால் அடுத்த வழக்கிலும் அதே பெயரைப் பார்ப்பீர்கள்.

பொதுவெளியில் கிடக்கும் தகவலை மட்டமாக நினைப்பவர்களும் உண்டு. சில்க் ரோடு என்ற இணையக் கள்ளச்சந்தையை நடத்தியவரின் பெயரை முதலில் எட்டியவர்களில் ஒருவர் கேரி ஆல்ஃபர்ட் என்ற அமெரிக்க வரித்துறைப் புலனாய்வாளர். அந்தச் சந்தையைப் பற்றி இணையத்தில் முதன்முதலில் பேசியவர் யார் என்று, தேதி குறித்து கூகுளில் தேடினார், அவ்வளவுதான். அவர் சொன்னதை மற்ற அமைப்புகள் உடனே காதில் வாங்கவில்லை என்பதுதான் வருத்தம்.

வங்கிகள் அனுப்பும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். அது துப்பு, சாட்சியம் அல்ல. அதை அப்படியே குற்றப்பத்திரிகையில் ஒட்டினால் அறிக்கை கொடுத்தவர் யார் என்று கும்பலுக்குத் தெரிந்துவிடும். ஒரு சாதாரண வங்கி ஊழியரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. அறிக்கை சுட்டும் திசையில் போய், அதே ஆவணங்களை முறைப்படி ஆணை வாங்கித் தனியாகப் பெற வேண்டும். வெளிநாட்டு நிதி உளவுப் பிரிவுகள், தங்களுக்குள் தகவல் பகிரும் கூட்டமைப்பான எக்மாண்ட் குழு வழியாகத் தரும் தகவலுக்கும் இதே கட்டுப்பாடுதான்: கொடுத்தவர்கள் அனுமதிக்காமல் வேறு எங்கும் காட்டக் கூடாது. ஒருமுறை நம்பிக்கை போனால் அந்தக் கதவு மறுபடி திறப்பது கடினம்.

கணக்குகளை எப்போது முடக்குவது? இதற்கு விதி கிடையாது. சீக்கிரம் முடக்கினால் மீதிக் கணக்குகளைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும், எதிரியும் உஷாராகிவிடுவான். தாமதித்தால் பணம் பறந்துவிடும். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களில் இது நிமிடக் கணக்கு. முடிவை ஒருவரே தலையில் போட்டுக்கொள்ளாமல், குற்ற விசாரணை அதிகாரியோடும் அரசு வழக்கறிஞரோடும் பேசி, காரணத்தை எழுதி வைத்துவிட்டு எடுங்கள்.

கைப்பற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதால் வரும் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஓடிக்கொண்டிருந்த ஹோட்டல் மூடிக் கிடந்து பாழாகும், கார்கள் துருப்பிடிக்கும். சில்க் ரோடு விசாரணையில் இருந்த அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் அதிகாரி ஷான் பிரிட்ஜஸ் பிட்காயின் திருடியதற்காக 2015-இல் தண்டனை பெற்றார். அதோடு முடியவில்லை. அரசு கைப்பற்றி வைத்திருந்த இன்னொரு வாலட்டின் (கிரிப்டோ நாணயங்களுக்கான மின்னணுப் பை) ரகசியச் சாவி அவரிடமே இருந்தது. எச்சரிக்கை வந்த பிறகும் அதிலிருந்ததை அதிகாரிகள் வேறு வாலட்டுக்கு மாற்றாததால் அங்கிருந்து 1,500-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை எடுத்துவிட்டார். கிரிப்டோ கைக்கு வந்த உடனே புதிய வாலட்டுக்கு மாற்றுவதும், சாவியை ஒருவர் கையில் மட்டும் விடாததும் கட்டாயம். இத்தாலியில் 1996-இல் வந்த சட்டம், மாஃபியாவிடமிருந்து பறித்த நிலங்களையும் வீடுகளையும் சமூகப் பயன்பாட்டுக்குக் கொடுக்க வழி செய்தது. ஒரு காலத்தில் பயந்து ஒதுங்கிப் போன இடத்தில் கூட்டுறவுச் சங்கம் விவசாயம் செய்வதைப் பார்க்கும் மக்களுக்கு, சட்டத்தின் மேல் வரும் நம்பிக்கையே தனி.

பெரிய தொகையைப் பார்த்ததும் "இது அழுக்குப் பணம்தான்" என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற ஆவணங்களை மட்டும் பொறுக்குவது ஆபத்து. சீட்டுப் பணம், பரம்பரைச் சொத்து, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணம் என நியாயமான காரணங்கள் இருக்கலாம். அவற்றை நீங்களே சோதித்து, இல்லை என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் அதை முதலில் எழுப்புவது எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருப்பார். உங்கள் சந்தேகத்தைப் பலவீனமாக்கும் ஆவணம் கிடைத்தால் அதையும் கோப்பில் வையுங்கள். நிரபராதி ஒருவரின் கணக்கு பல மாதம் முடங்கிக் கிடந்தால் அந்தக் குடும்பம் படும் பாடு சின்னதல்ல.

நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆயிரம் பக்க எக்செல் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீதிபதிக்குத் தேவை, எந்தக் குற்றத்தின் பணம், யார் யார் கை வழியாக, எதுவாக மாறியது என்பது. ஒரே பக்கத்தில் அம்புக்குறிகளோடு ஒரு படம், ஒவ்வொரு அம்புக்கும் பின்னால் ஒரு ஆவண எண். விசாரணையில் சம்பந்தமே இல்லாத சக ஊழியர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து விளக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் இன்னொரு ஆவணம் தேட வேண்டியிருக்கிறது.